கம்பெனியை வாங்கினால் பெயரும் கூடவே வந்துவிடுமா?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025

ஆண்ட்ராய்டு கூகுள் பெற்ற பிள்ளை இல்லை, 2005ல் வாங்கியது. யூடியூப் அதற்கு அடுத்த வருஷம் வாங்கியது. பவர்பாயின்ட்டை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஐபோனில் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்குகிறோமே, அந்த மாதிரி நுட்பத்தில் வேலை செய்துகொண்டிருந்த கம்பெனியை ஆப்பிள் வாங்கியது. மேடையில் நிற்பவர்கள் எல்லாம் வாங்கியவர்கள். உருவாக்கியவர்களின் பெயரை இங்கே யாராவது தேடாமல் சொல்ல முடியுமா? செக்கில் கையெழுத்துப் போடுவது எப்போதிலிருந்து கண்டுபிடிப்பு ஆனது?

11 ஜனவரி, இரவு 11.20

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாத பாதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆண்ட்ராய்டு 2003 அக்டோபரில் ஆண்டி ரூபின், ரிச் மைனர், நிக் சியர்ஸ், கிறிஸ் வைட் என்று நான்கு பேர் தொடங்கிய கம்பெனி. முதலில் அவர்கள் நினைத்தது போனே இல்லை, டிஜிட்டல் கேமராவுக்கான இயங்குதளம். அந்தச் சந்தை போதாது என்று தெரிந்ததும் போன் பக்கம் திரும்பினார்கள். 2005 ஜூலையில் கூகுள் வாங்கியபோது கடையில் வைத்து விற்கிற மாதிரி அவர்களிடம் ஒன்றும் இல்லை. யோசனை இருந்தது, காட்டிப் புரியவைக்க ஒரு மாதிரி இருந்தது, செய்து முடிக்கக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். முதல் ஆண்ட்ராய்டு போன் 2008ல்தான் வந்தது, ஹெச்டிசி செய்தது. நடுவில் மூன்று வருஷச் சம்பளம் யார் கொடுத்தது? 2007 ஜனவரியில் ஐபோன் வந்து எல்லோர் கணக்கையும் கலைத்தபோது, வேலையைத் தொடுதிரைக்கு ஏற்ப மாற்றிப்போடும் தெம்பு யாரிடம் இருந்தது? நாலு பேர் கம்பெனியாகவே இருந்திருந்தால் அந்த வருஷமே கடையைச் சாத்தியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

யூடியூபும் அப்படித்தான். 2006 அக்டோபரில் 165 கோடி டாலருக்குப் பேசி முடித்தார்கள். அடுத்த மார்ச்சில் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் பதிப்புரிமை மீறல் என்று 100 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. யூடியூபைத் தொடங்கிய சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் மூவரும் தனியாக நின்று அதைத் தாங்கியிருக்க முடியாது. ஆனால் இதையும் சொல்லவேண்டும்: கூகுள் அதற்கு முன்னால் கூகுள் வீடியோ என்று சொந்தமாக நடத்திப் பார்த்தது. ஆளும் பணமும் சர்வரும் இருந்தும் ஓடவில்லை. பணத்தால் மட்டும் யூடியூபைச் செய்ய முடியாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே ஆரம்பித்தவருக்கு ஒரு பெயர், கரைசேர்த்தவருக்கு ஒரு பெயர். இரண்டையும் ஒரே பெயராக எழுதுவதில்தான் தப்பு.

12 ஜனவரி, காலை 7.05

நேற்று ‘நான்கு பேர்’ என்று எழுதினேன். படுத்த பிறகு உறுத்தியது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், இயங்குதளத்தின் அடித்தள நிரல். 1991ல் ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. அதன்பின் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியது. அதை யாரும் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. விலை பேசாமல் உள்ளே வந்தவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

12 ஜனவரி, இரவு 10.50

தொடுதிரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ரொம்ப நாளாக மனதில் வைத்திருக்கும் கதை இது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வெய்ன் வெஸ்டர்மன் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். கீபோர்டில் தட்டித் தட்டிக் கை வலி. வலிக்காமல் கணினியை இயக்க வழி உண்டா என்று தேடப் போய், விரல்கள் பட்டும் படாமல் நகர்ந்தாலே புரிந்துகொள்ளும் ஒரு பரப்பைச் செய்தார். அதுவே அவருடைய ஆய்வேடும் ஆனது. வழிகாட்டிய பேராசிரியர் ஜான் எலியாஸ். இரண்டு பேரும் சேர்ந்து 1998ல் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அழுத்தவே வேண்டாத கீபோர்டு, சைகை புரிந்துகொள்ளும் பலகை என்று சில பொருள்களை விற்றார்கள். வாங்கியவர்களில் நிறையப் பேர் அவரைப் போலவே கை வலிக்காரர்கள். 2005ல் ஆப்பிள் வாங்கியது. பொருள்கள் நின்றுபோயின. அந்தக் கீபோர்டை நம்பியிருந்தவர்களுக்கு மாற்றுக் கிடைக்கவில்லை.

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில், மல்டி-டச் (பல விரல் தொடுகை) என்ற புதிய தொழில்நுட்பத்தை நாங்கள் கண்டுபிடித்திருக்கிறோம் என்ற பொருளில் சொன்னார். டெலவேர் பற்றி மேடையில் ஒரு சொல் இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு காப்புரிமை ஆவணங்களைப் படிக்க ஆரம்பித்தேன். வேலைக்காகப் படித்தேன், பிறகு பழக்கமாகிவிட்டது. ஆப்பிள் தன் கண்ணாடித் தொடுதிரைக்கு விண்ணப்பித்தது 2004 மே மாதம், அதாவது ஃபிங்கர்வொர்க்ஸை வாங்குவதற்கு முன்பு. கண்டுபிடித்தவர்கள் என்று அதில் இருக்கும் பெயர்கள் ஸ்டீவ் ஹோட்டலிங், ஜோஷுவா ஸ்ட்ரிக்கன், பிரையன் ஹப்பி. ஆப்பிளுக்கு உள்ளேயே வேலை பார்த்தவர்கள். ஃபிங்கர்வொர்க்ஸின் பலகை ஒளி புகாதது. விரல் படும் பரப்பு வேறு, படம் தெரியும் திரை வேறு. திரையையே தொடும்படி செய்தது இன்னொரு பெரிய வேலை. அதைச் செய்த மூவரையும் நமக்குத் தெரியாது, வெஸ்டர்மனையும் தெரியாது. தெரிந்தது ஜாப்ஸை மட்டும்.

பின்னால் போனால் இன்னும் நீள்கிறது. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே பல விரல் தொடுபலகையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்துக் கட்டுப்பாட்டு அறையில் 1970களிலேயே தொடுதிரை இருந்தது. கேள்வி ‘வாங்கியவரா, விற்றவரா’ என்று நிற்கவில்லை. மேலேயும் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

13 ஜனவரி, மதியம் 1.30

“சம்மதித்துத்தானே விற்றார்கள், பணமும் வாங்கியாச்சு, அப்புறம் பெயர் எதற்கு?” என்று கேட்பவருக்கு.

பணம் வேறு, பெயர் வேறு. இது என் ஆசை மட்டும் இல்லை, சட்டமே அப்படித்தான் வைத்திருக்கிறது. காப்புரிமையில் உரிமையாளர் என்று ஒரு வரி, கண்டுபிடித்தவர் என்று ஒரு வரி. கம்பெனி கை மாறினால் முதல் வரி மாறும், இரண்டாவது மாறாது. வெஸ்டர்மன், எலியாஸ் பெயர்கள் இன்றும் ஆப்பிளுக்குச் சொந்தமான ஆவணங்களில் அப்படியே இருக்கின்றன. நம் 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்திலும் 28வது பிரிவு கண்டுபிடித்தவரின் பெயரைக் குறிப்பிடுவதற்கென்றே இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவு இன்னும் தெளிவு: உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் ‘இதை நான்தான் படைத்தேன்’ என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும்.

வீட்டை விற்றவர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். கட்டியது யார் என்ற கேள்விக்குப் பதில் அதனால் மாறுவதில்லை.

நம் ஊரில் பெயர் நிலைத்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் சபீர் பாட்டியாவின் ஹாட்மெயில். 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, சுமார் 40 கோடி டாலர் என்பார்கள். பில் கேட்ஸின் ஹாட்மெயில் என்று யாரும் சொல்வதில்லை.

13 ஜனவரி, இரவு 9.15

மதியம் எழுதியதைத் திருத்துகிறேன். ஒருவர் தனிச்செய்தியில் ஒரே ஒரு வரி அனுப்பினார்: “ஜாக் ஸ்மித் எங்கே?”

நியாயமான அடி. ஹாட்மெயிலைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். பிரவுசர் வழியாக எங்கிருந்தும் மின்னஞ்சல் பார்க்கலாமே என்ற யோசனை முதலில் தோன்றியது ஜாக் ஸ்மித்துக்கு. காரில் போகும்போது தோன்றி, பாட்டியாவுக்குப் போன் செய்தார். 1996 ஜூலை 4 அன்று இருவரும் வெளியிட்டார்கள். நாம் பாட்டியாவைப் பிடித்துக்கொண்டோம், ஏனென்றால் அவர் சண்டிகரில் பிறந்தவர், நம்மவர். முதலீட்டாளர்களிடம் பேசி, மைக்ரோசாஃப்ட்டுடன் கடைசிவரை பேரம் பேசியது அவர்தான். அவர் பெயர் மறையவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியின் பெயரை விழுங்குகிறது என்று வாதாடிக்கொண்டிருந்த நானே, இரண்டு பேரில் ஒருவரைக் கூசாமல் விட்டிருக்கிறேன்.

15 ஜனவரி, இரவு 11.45

பொங்கல் முடிந்தது. சொந்தக் கதைக்கு வருகிறேன். கம்பெனி பெயர்கள் வேண்டாம்.

2012லிருந்து சென்னையில் பதினொரு பேர் கொண்ட ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். பெருங்குடியில் ஒரு வீட்டின் மாடி. கூரியர் பார்சல் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்தால் முகவரியைப் படித்துச் சொல்லும் மென்பொருள். சொல்லும்போது சுலபமாக இருக்கும். கசங்கிய லேபிள், மழையில் நனைந்த லேபிள், பால்பாயின்ட் பேனாவால் எழுதி மேலே செல்லோடேப் ஒட்டிய லேபிள், குடோனின் மங்கிய டியூப்லைட், அதற்கு மேல் போன் ஃபிளாஷ். நான் எழுதியது சாய்ந்து கிடக்கும் படத்தை நேராக்கும் பகுதி. நான்கு வருஷம் அதையே எழுதினேன்.

2016ல் வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. எங்களில் ஏழு பேரை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் நிரலை அவர்கள் ரெப்போவுக்கு, அதாவது நிரலைச் சேமித்துவைக்கும் இடத்துக்கு, மாற்றும் நாள். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கருவி கிட், ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். எங்கள் கிட் வரலாற்றில் ஐயாயிரத்துச் சொச்சம் கமிட்கள். யார் எந்த நாள் ராத்திரி எந்த வரியை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், எல்லாம் அதில் இருந்தது. பாதுகாப்பு விதி என்று சொல்லி வரலாற்றை விட்டுவிட்டுக் கடைசி நிலையை மட்டும் எடுத்தார்கள். புது ரெப்போவில் ஒரே ஒரு கமிட், ‘முதல் பதிவேற்றம்’. பெயர், அந்த மாற்றும் வேலையைச் செய்த பொறியாளர் பெயர். இருபத்தைந்து வயதுப் பையன், நல்ல பையன், அவனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அதற்குப் பிறகு எந்த வரியில் யார் எழுதியது என்று கேட்டாலும் கணினி அவன் பெயரைத்தான் சொல்லும். நான் எழுதிய நிரல் பகுதியில் பிழை வந்தபோது அவனிடம் போய் விளக்கம் கேட்டார்கள். அவன் எழுந்து வந்து என்னிடம் கேட்டான்.

அந்தப் பெரிய கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தேன். அதனால்தான் முதல் நாள் ‘கரைசேர்த்தவர்’ பக்கம் பேசினேன். எங்கள் மாடி வீட்டில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்த மென்பொருளை அரபி படிக்க வைத்தது அவர்கள் ஆட்கள். ஒரு படத்துக்கு நான்கு விநாடி ஆனதை அரை விநாடிக்குக் கொண்டுவந்தது எங்கள் கம்பெனியைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒரு பெண். அவள் பெயரும் எங்கும் வரவில்லை. தொடங்கியவரின் பெயராவது ஒரு பேட்டியிலோ பத்திரிகையிலோ வரும். வாங்கிய பிறகு உள்ளே உட்கார்ந்து உழைப்பவருக்கு அந்த வாசலும் இல்லை.

16 ஜனவரி, காலை 6.40

வரலாற்றை நீக்குவது தவிர்க்க முடியாததா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. பாஸ்வேர்டு, சாவி மாதிரி ரகசியங்கள் பழைய கமிட்களில் சிக்கியிருக்கும் என்பது நிஜமான பயம். அவற்றை மட்டும் தேடி நீக்கிவிட்டு மீதியைக் காப்பாற்றும் கருவிகள் அன்றைக்கும் இருந்தன. ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

18 ஜனவரி, மாலை 5.10

பவர்பாயின்ட் பற்றி. இது கொஞ்சம் ஆறுதலான கதை. ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனியில் ராபர்ட் கேஸ்கின்ஸ் திட்டம் போட, டென்னிஸ் ஆஸ்டின் முதன்மையாக எழுத, 1987ல் மேக் கணினிக்கு வந்தது. அந்த வருஷமே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்களுடைய முதல் பெரிய கொள்முதல். அந்தக் குழுவை அப்படியே சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருக்கவிட்டு, கேஸ்கின்ஸையே தலைவராக வைத்தார்கள். சில வருஷம் அவரே நடத்தினார். அதனால் இன்றைக்கும் பவர்பாயின்ட்டைச் செய்தது யார் என்று தேடினால் இரண்டு மனிதர்களின் பெயர் கிடைக்கிறது.

இதற்கு எதிர்முனை டாஸ் என்ற கணினி இயங்குதளம். டிம் பேட்டர்சன் 1980ல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸில் வேலை செய்தபோது எழுதியது. முதலில் 25,000 டாலருக்கு உரிமம், பிறகு 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு முழுவதும் மைக்ரோசாஃப்ட் வசம். அடுத்த மாதமே ஐபிஎம் பிசி சந்தைக்கு வந்தது. விற்றவர்களுக்கு, வாங்குபவருக்குப் பின்னால் நிற்பது ஐபிஎம் என்று தெரியாது. பேட்டர்சன் தன் நிரல் மற்ற நிரல்களோடு பேசும் முறையை கேரி கில்டாலின் சிபி/எம் என்ற முந்தைய இயங்குதளத்தைப் பார்த்து அமைத்திருந்தார். ஆக கில்டால், பேட்டர்சன், பில் கேட்ஸ் என்று மூன்று அடுக்கு. ஊருக்குத் தெரிந்தது மேலடுக்கு. கேட்ஸ் சும்மா வாங்கி விற்கவில்லை. ஐபிஎம்முக்குக் கொடுத்த பிறகும் மற்ற கணினி உற்பத்தியாளர்களுக்கு விற்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டாரே, அதுதான் அவர் வேலை. அந்தச் சாமர்த்தியத்துக்கு உரிய பெயரை அவருக்குக் கொடுப்போம். நிரல் எழுதிய பெயரை எழுதியவருக்குக் கொடுப்போம்.

19 ஜனவரி, இரவு 10.00

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். எனக்கு இது பிடித்த இடம்.

லண்டனில் டீப்மைண்ட் என்ற கம்பெனியை டெமிஸ் ஹசாபிஸ், ஷேன் லெக், முஸ்தஃபா சுலைமான் மூவரும் 2010ல் தொடங்கினார்கள். 2014ல் கூகுள் வாங்கியது. அங்கே செய்த, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரலுக்காகப் போன அக்டோபரில் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் வேதியியல் நோபல். மறுபாதி டேவிட் பேக்கருக்கு. ஜம்பர் சேர்ந்தது கூகுள் வாங்கிய பிறகு. அப்படியானால் ஆல்ஃபாஃபோல்டு ஸ்டார்ட்அப் செய்ததா, கூகுள் செய்ததா? நோபல் குழு அதற்குள் போகவில்லை. மனிதர்களின் பெயரைச் சொன்னது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் அந்த நிரல் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? 1971ல் தொடங்கிய புரதத் தரவு வங்கி. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் ஒவ்வொரு புரதத்தின் வடிவத்தையும் எக்ஸ் கதிரிலும் மற்ற முறைகளிலும் கண்டுபிடித்து, இலவசமாக அங்கே போட்டுவைத்தார்கள். ஒரு வடிவத்துக்காகப் பிஎச்.டி. காலம் முழுவதையும் கொடுத்தவர்கள் உண்டு. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அப்படிப் போட்ட வடிவம் சரியா என்று சோதிக்க இன்றைக்கும் பயன்படும் வரைபடம் சென்னையில் பிறந்தது. 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று காட்டுவது. உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது.

கட்டுரையில் இருப்பது மூன்று பெயர்: ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். வரைபடத்தின் பெயரில் ஒருவர்தான் நிற்கிறார். இங்கே யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை. சொல்லிச் சொல்லி வாய்க்கு வசதியான ஒரு பெயர் நின்றுவிட்டது.

22 ஜனவரி, பின்னிரவு 1.15

முந்தாநாள் எழுதியதிலிருந்து தூக்கம் வரவில்லை. சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இத்தனை நாள் ஜாப்ஸையும் கேட்ஸையும் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் பதினொரு பேரில் ஒரு அக்கா இருந்தார். கணினி படித்தவர் இல்லை, பி.காம். ஆபரேஷன்ஸ் என்று வேலைக்கு எடுத்தது. லேபிள் படங்கள் சேகரிப்பது அவர் பொறுப்பு. மாதவரம் பக்கம் குடோன்களுக்கு ராத்திரி ஷிஃப்டில் போய் நின்று படம் எடுப்பார், பகலில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் சரியான முகவரியைத் தட்டச்சு செய்வார். நாற்பதாயிரம் படங்களுக்கு மேல். நாங்கள் நிரல் எழுதினோம். நிரலுக்குக் கண் கொடுத்தது அவர்.

2014ல் செல்லோடேப்பின் பளபளப்பு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஃபிளாஷ் பட்டதும் லேபிள் மேல் வெள்ளையாக ஒரு பட்டை விழும், எழுத்து மறையும். அந்தப் பட்டையை எப்படி அழிப்பது என்று ஆறு வாரம் போராடினேன். ஒருநாள் டீ குடிக்கும்போது அக்கா சொன்னார்: “அதை ஏம்ப்பா அழிக்கிற? பார்சல் கட்டுறவங்க டேப்பை எப்பவும் லேபிளோட நீளவாக்குலதான் ஒட்டுவாங்க. எழுத்து தெரியலைன்னாலும் அந்தக் கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பார்த்தா லேபிள் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடுமே.”

அவ்வளவுதான். இடைஞ்சல் என்று நான் அழிக்கப் பார்த்ததையே அடையாளமாக எடுத்தால் போதும். பட்டையை முதலில் கண்டுபிடி, அதை வைத்துப் படத்தைத் திருப்பு, பிறகு எழுத்தைப் படி. இரண்டு வாரத்தில் எழுதி முடித்தேன். எங்கள் கம்பெனியை வாங்க வந்தவர்கள் முதலில் கேட்டது இதைப் பற்றித்தான்.

2015ல் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். வக்கீல் ஒரு படிவம் அனுப்பி, கண்டுபிடித்தவர்கள் யார் என்று கேட்டார். எங்கள் நிறுவனர் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். அக்காவை வேண்டுமென்று விடவில்லை. அந்த நேரத்தில் அவர் நினைவுக்கே வரவில்லை. அது எவ்வளவு மோசம் என்று இப்போது தெரிகிறது. ‘டெக்னிக்கல்’ ஆள் யார் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் இருந்தது, அதில் அவர் இல்லை. மறு வருஷம் பெரிய கம்பெனி ஏழு பேரை எடுத்ததும் அதே பட்டியலைப் பார்த்துத்தான். அக்காவுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள்.

கிட் வரலாற்றை அழித்தவர்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தை ஒன்பது வருஷம் ஆசையாக வளர்த்தேன். அக்காவின் பெயரை எடுத்தது அவர்கள் இல்லை. அவர்கள் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே நான் எடுத்துவிட்டேன்.

22 ஜனவரி, காலை 9.30

இரவு எழுதியதை அழிக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

25 ஜனவரி, இரவு 8.20

அக்காவிடம் பேசினேன். இப்போது அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அது என் யோசனைன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நான் சொன்னதை நானே கனவு கண்டேனோன்னு நினைச்சிருக்கேம்ப்பா” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

பணம் ஏதாவது வருமா என்று அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்: வராது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில், செய்வதெல்லாம் கம்பெனிக்கே என்று இருக்கும். பெயர் மட்டும்தான் சேரும். “பேரு சேரட்டும். பொண்ணு இன்ஜினீயரிங் படிக்கிறா, காட்டலாம்” என்றார்.

2 பிப்ரவரி, மாலை 4.00

எப்படிச் செய்வது என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். வேறு யாருக்காவது உதவலாம்.

அமெரிக்கச் சட்டத்தில், கண்டுபிடித்தவர் பெயர் விடுபட்டிருந்தால் காப்புரிமை வழங்கிய பிறகும் திருத்த வழி இருக்கிறது. ஏற்கெனவே பெயருள்ளவர்களும் விடுபட்டவரும் இப்போதைய உரிமையாளரும் ஒத்துக்கொண்டால் அலுவலகத்திலேயே முடியும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்றம். உரிமையாளர் ஏன் தயங்குவார் என்றால், புதிதாகப் பெயர் சேர்பவர் உரிமையிலும் பங்கு கேட்கலாம். அதனால் உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தையும் கூடவே கேட்பார்கள். அக்கா அதற்குச் சம்மதம். நிறுவனரிடம் பேசினேன், அவரும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். என் கணக்குப்படி அங்கே எங்கள் தயாரிப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் இருக்கலாம்.

முதல் நாள் கேள்வி கேட்ட நண்பருக்கு: வாங்கியவரின் தயவு இல்லாமல், நீதிமன்றம் போகாமல் இந்தப் பெயரைச் சேர்க்க முடியாது. கம்பெனியை வாங்கும்போது இந்தக் கடமையும் சேர்ந்துதான் வருகிறது. யாரும் அதைப் பட்டியலில் எழுதுவதில்லை.

19 பிப்ரவரி, இரவு 9.40

பதில் வந்தது. மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள். வாய்மொழி போதாது, அந்தக் காலத்து எழுத்துச் சான்று இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சட்டம் அப்படித்தான் கேட்கும். எங்கள் கிட் வரலாறு இருந்திருந்தால் 2014 ஜூலையில் அந்தப் பகுதியை நான் முதலில் சேர்த்தபோது என்ன குறிப்பு எழுதினேன் என்று காட்டியிருக்கலாம்.

21 பிப்ரவரி, இரவு 10.30

அக்கா குடோனுக்குக் கொண்டுபோகும் நீள நோட்டு. எந்த ராத்திரி எத்தனை படம், யார் ஷிஃப்ட், ஆட்டோவுக்கு எவ்வளவு என்று எல்லாம் எழுதி வைப்பார். பரணில் ஏழு நோட்டு இருந்ததாம். நான்காவதில், 2014 ஜூலைப் பக்கம் ஒன்றில், பேனாவால் ஒரு பெட்டி, பெட்டி மேல் சாய்ந்த பட்டை, பட்டையோடு போகும் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் ‘டேப் சாய்வு = லேபிள் சாய்வு’. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், ‘நல்ல யோசனை, திங்கள் முயற்சி செய்யலாம்’, என் முதலெழுத்து, தேதி.

வாட்ஸாப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுதியது எனக்கு நினைவே இல்லை.

சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்.

6 மார்ச், மாலை 6.15

திருத்தப் படிவம் வந்திருக்கிறது. இன்னும் முடியவில்லை, கையெழுத்துகள் சேர வேண்டும். படிவத்தில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். அக்காவுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரை விரித்துப் போடட்டுமா, இனிஷியலையே போடட்டுமா என்று கேட்டேன்.

“பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போடுப்பா. ஒரு எச் விட்டுப் போச்சுன்னா, அது வேற யாரோன்னு ஆயிடும்.”